நிலுவையில் ஒரு தையல் மெஷின்

பெரிய லாரி கம்பெனிகள் எல்லாவற்றுக்கும் முதுகில் ஒரு பெருமை எழுதியிருக்கும். ஒரு கம்பெனி வண்டிகளின் பின்னால் ‘சொன்ன நேரம் தவற மாட்டோம்’ என்று இருக்கும். அவர்கள் கவுண்டரில் போய், சரக்கு எப்போது போய்ச் சேரும் என்று கேட்டுப் பாருங்கள், கடைசிவரை நேரத்தைச் சொல்லவே மாட்டார்கள். இன்னொரு கம்பெனி ‘கண்ணாடியா, எங்களிடம் கொடுங்கள்’ என்று எழுதியிருக்கும். அவர்கள் குடோன் வாசலில் கண்ணாடித் தூளைக் கூட்டி அள்ளுவதற்கென்றே இரண்டு பேர் சம்பளம் வாங்குகிறார்கள். எங்கள் கம்பெனி இவர்களையெல்லாம் தூக்கிச் சாப்பிட்டுவிடும். எங்கள் நானூறு லாரிகளின் முதுகிலும் ஆள் உயர எழுத்தில் இருப்பது இதுதான்: ‘ஐம்பது ஆண்டுகளில் ஒரு பெட்டியும் தொலைந்ததில்லை.’

இது பொய் இல்லை. எங்கள் பதிவேடுகளைத் தலைகீழாகப் புரட்டினாலும் ‘தொலைந்தது’ என்ற வார்த்தை கிடைக்காது. அந்த வார்த்தையை எழுத எங்களுக்கு அனுமதி கிடையாது, அவ்வளவுதான். போய்ச் சேராத சரக்கு எதுவானாலும் அதற்கு நேரே ‘வழியில்’ என்று எழுத வேண்டும். ஒரு வாரம் ஆனாலும் வழியில், ஒன்பது வருஷம் ஆனாலும் வழியில்.

இந்த விதி எப்படி வந்தது என்பதற்கு ஆண்டு மலரில் ஒரு கதை இருக்கிறது. முதலாளி, ஒரே ஒரு பழைய லாரி, ஓயாத உழைப்பு, மழை, வெள்ளம். அதை விடுங்கள். டிரைவர்கள் சொல்கிற கதையைத்தான் நான் நம்புகிறேன், ஏனென்றால் அதில் முதலாளி திட்டு வாங்குகிறார். தொழில் தொடங்கிய மூன்றாம் மாதம், நாற்பது டின் பெயின்டோடு போன அந்த ஒரே லாரி காணாமல் போய்விட்டது. டிரைவர் வழி தவறி, யாரிடமும் கேட்க வெட்கப்பட்டுக்கொண்டு, எங்கேயோ போய்ச் சேர்ந்திருக்கிறார். பெயின்ட் கடைக்காரர் தினமும் வந்து கத்துவாராம். ‘தொலைஞ்சு போச்சுன்னு எழுதிக் குடுய்யா, நான் வேற வழி பாத்துக்கிறேன்.’ முதலாளி எழுதிக் கொடுக்கவில்லை. ‘எழுதிட்டா நான் தேடுறத நிறுத்திடுவேன்’ என்றாராம். பன்னிரண்டாம் நாள் லாரி வந்தது. நாற்பது டின்னும் இருந்தது.

நல்ல விதிதான். ஆனால் ஒரு நல்ல விதியை நானூறு லாரிக்கும் எழுபது கிளைக்கும் பங்கு போட்டுக் கொடுத்தால் என்ன ஆகும்? முதலாளி தேடுவதற்காக எழுதாமல் இருந்தார். நாங்கள் எழுத வேண்டியதில்லையே என்று தேடாமல் இருந்தோம்.

இந்த விதியின் பாரம் முழுக்க ஒரே ஒரு மேஜையின் மேல் வந்து இறங்கியது. அது புகார்ப் பிரிவு. அங்கே முப்பத்தொரு வருஷம் உட்கார்ந்தவர் அக்கா. என் கூடப் பிறந்தவர் இல்லை. ஆபீஸில் எல்லோருக்கும் அவர் அக்கா, எனக்கும் அக்கா. அவருக்கு நேர் எதிரே புக்கிங் கவுண்டரில் இருபத்திரண்டு வருஷமாக நான். சரக்கை வாங்கி ரசீது போடுவது என் வேலை. அது போய்ச் சேரவில்லை என்றால் திட்டு வாங்குவது அவர் வேலை. இந்த ஏற்பாட்டில் எனக்கு ஒருநாளும் குறை இருந்ததில்லை.

அக்கா போனில் பேசுவதைக் கேட்க வேண்டும். எதிர்முனையில் இருப்பவர் கத்தி முடிக்கும்வரை ரிசீவரை மேஜைமேல் படுக்கப் போட்டுவிட்டு, ரசீதுகளை எண் வரிசையில் அடுக்குவார். சத்தம் ஓய்ந்ததும் எடுத்து, ‘தண்ணி குடிச்சீங்களா? குடிச்சுட்டு வாங்க, நான் காத்திருக்கேன்’ என்பார். அதோடு ஆளுக்குப் பாதி கோபம் இறங்கிவிடும். மீதிப் பாதிக்கு, ‘வந்துடும்.’ அந்த ஒரு சொல்லை அவர் சொல்லும்போது, சரக்கு எந்த லட்சணத்தில் போகும் என்று தெரிந்த எனக்கே நம்பிக்கை வந்துவிடும். லோடு ஏற்றுகிறவர்கள் அவருக்கு ‘வந்துடும் அக்கா’ என்றே பெயர் வைத்திருந்தார்கள். அவருடைய கல்யாணத்தன்று மாப்பிள்ளையின் லாரி பழுதாகி நாலு மணி நேரம் தாமதமாம். மணப்பெண்ணே எழுந்து வந்து, ‘வந்துடுவார், உட்காருங்க’ என்று எல்லோரையும் சமாதானப்படுத்தினாராம். கதையைக் கட்டியது நான்தான். ஆனால் யாரும் மறுக்கவில்லை.

அந்த மாப்பிள்ளையும் எங்கள் கம்பெனி டிரைவர்தான். அக்கா புருஷன் என்றால் மாமாதானே, நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். மாமா முப்பது வருஷம் ஓட்டி எழுபது கிளைகளுக்கும் போய் வந்தவர். அக்கா அந்த எழுபது ஊர்களையும் போனில் மட்டும் பார்த்தவர். எந்த ஊருக்கு எத்தனை மணி நேரம், எந்தப் பாலத்தில் ஒரு வண்டிதான் போக முடியும், எந்தக் குடோனில் மழைத் தண்ணீர் புகும், எல்லாம் விரல் நுனியில். ஒரு ஊரையும் கண்ணால் கண்டதில்லை. மாமா ரிட்டையர் ஆன அன்று வாக்குக் கொடுத்தார். ‘நீயும் ரிட்டையர் ஆகு. ஒவ்வொரு ஊரா கூட்டிட்டுப் போய்க் காட்டுறேன்.’ பழைய கார் ஒன்றையும் வாங்கி வாசலில் நிறுத்திவிட்டார். அக்கா ஊர்களின் பட்டியலை எழுதிச் சமையலறைச் சுவரில் ஒட்டிவிட்டார். பத்தாம் தேதியோடு அவருக்கு வேலை முடிகிறது, பதினொன்றாம் தேதி காலை கிளம்புகிறார்கள் என்று ஏற்பாடு.

இதற்குக் குறுக்கே நின்றது ஒரு தையல் மெஷின்.

எங்கள் கம்பெனியைவிட்டுப் போகிறவர், தன் பொறுப்பில் நிலுவை எதுவும் இல்லை என்று மேனேஜரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். அது இல்லாமல் விடுவிப்புக் கடிதம் கிடையாது, மறுநாளும் வந்து அதே நாற்காலியில் உட்கார வேண்டியதுதான். அதனால் மூன்று மாதம் முன்பே அக்கா நிலுவை நோட்டைத் திறந்தார். நாற்பத்தொரு பெட்டிகள் ‘வழியில்’ இருந்தன. ஒவ்வொரு கிளையாகப் போனில் பிடித்து உலுக்கினார். ஒரு பெட்டி கிளை மேனேஜரின் வீட்டு மாடியிலிருந்து இறங்கியது. இன்னொன்று அவருடைய மாமியார் வீட்டிலிருந்து வந்தது. எங்கள் நம்பரிலிருந்து போன் என்றாலே எழுபது கிளைகளிலும் ஆட்கள் கழிவறைக்கு ஓட ஆரம்பித்தார்கள். ஒரே மாதத்தில் நாற்பது பெட்டி அவரவரிடம் போய்ச் சேர்ந்தது. முதலாளி சொன்னது சரிதான், தேடினால் கிடைக்கிறது.

மீதி ஒன்று. பத்தொன்பது வருஷத்துக்கு முன் பதிவானது. மரப்பெட்டிக்குள் தையல் மெஷின். அனுப்பியவர் ஒரு தையல்காரம்மா, பெறுகிறவரும் அவரேதான். இந்த ஊரில் இருந்த கடையை மூடிவிட்டு மகன் வேலை பார்க்கிற ஊருக்குக் குடிபோனார். மெஷினை எங்களிடம் ஒப்படைத்துவிட்டு பஸ் ஏறினார். அவர் போய்ச் சேர்ந்தார். மெஷின் போய்ச் சேரவில்லை.

முதல் வருஷம் அந்த அம்மா போட்ட சத்தத்தில் ரிசீவர் மேஜையைவிட்டு எழுந்திருக்கவே இல்லை. அப்புறம் மெல்ல மெல்ல ஒரு முறைக்கு வந்தது. மாதத்தின் முதல் திங்கட்கிழமை, காலை பதினோரு மணி. ‘அக்கா, என் மெஷின் என்னாச்சு?’ என்று அங்கிருந்து கேட்பார். ‘வந்துடும் அக்கா, மன்னிச்சுக்கங்க’ என்று இவர் சொல்வார். அதற்குப் பிறகு முக்கால் மணி நேரம் மெஷினைத் தவிர மற்றதெல்லாம் பேசுவார்கள். மருமகள் பாலை மூடி வைத்தாளா, இவருடைய மூட்டுவலிக்கு எந்தத் தைலம், மாமா இன்று எந்தச் சாலையில் மாட்டிக்கொண்டிருக்கிறார். இருவரும் ஒருவரையொருவர் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். யார் பெரியவர் என்று கேட்டுத் தெளிந்துகொள்ள இரண்டு பேருக்கும் பயம்.

கம்பெனி போனில் இப்படி நடக்கிறதே என்று ஒருமுறை மேனேஜர் காதில் போட்டேன். ‘புகார் குடுக்கிற வாடிக்கையாளரை நாமளா போனை வைக்கச் சொல்றது? போய் வேலையப் பாருங்க’ என்று என்னைத்தான் விரட்டினார்.

அந்த மெஷினைத்தான் இப்போது எங்கேயும் காணோம். போய்ச் சேர வேண்டிய கிளையில் இல்லை, நடுவில் லாரி நிற்கிற எந்தக் குடோனிலும் இல்லை. அக்கா மேனேஜரிடம் போய், ‘ஒண்ணே ஒண்ணு சார், தொலைஞ்சதுன்னு எழுதி முடிச்சுடுறேன்’ என்று கேட்டார். மேனேஜர் நாற்காலியைவிட்டு எழுந்தே நின்றுவிட்டார்.

‘மேடம், ஐம்பதாவது வருஷம். பத்திரிகைக்காரங்க பதிவேட்டைப் பாக்க வர்றாங்க. நானூறு லாரி முதுகையும் அழிச்சு எழுதச் சொல்றீங்களா?’

அக்கா திரும்பி வந்து நேராக என் கவுண்டரில் நின்றார். ‘தம்பி, அந்த வருஷத்து ரசீது அடிக்கட்டைய எடு.’

அலமாரிச் சாவியைத் தேடுவதாக இழுத்தடித்தேன். ஏன் என்று அப்போது தெரியவில்லை, எடுத்த பிறகு தெரிந்தது. அக்கா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். பெயர் இரண்டு கட்டத்திலும் ஒன்றுதான். விலாசம் மட்டும் இடம் மாறியிருந்தது. புது ஊர் விலாசம் அனுப்புகிறவர் கட்டத்தில், பழைய விலாசம் பெறுகிறவர் கட்டத்தில். அதாவது மெஷின் எந்த ஊரில் பதிவானதோ அதே ஊருக்கு அனுப்பப்பட்டிருந்தது. கையெழுத்து என்னுடையது.

‘அனுப்புறவரும் வாங்குறவரும் ஒரே ஆளா இருந்தா யாருக்கும் குழம்பும்க்கா’ என்றேன்.

‘யாருக்கும் குழம்பாது தம்பி. உனக்குக் குழம்பும்’ என்றார் அக்கா.

பெட்டி லாரி ஏறவே இல்லை. உள்ளூர் டெலிவரி என்று எங்கள் பின்பக்கக் குடோனின் மூலையில், அக்காவின் நாற்காலியிலிருந்து முப்பதடி தூரத்தில் உட்கார்ந்திருந்திருக்கிறது. காணாமல் போன சரக்கை நாங்கள் எப்போதும் போய்ச் சேர வேண்டிய ஊரிலிருந்து தொடங்கிப் பின்னோக்கித் தேடிக்கொண்டு வருவோம். புறப்பட்ட இடத்துக்கு வருவதற்குள் எல்லோருக்கும் அலுத்துப் போய்விடும்.

ஆனால் மூலையில் இப்போது அதுவும் இல்லை. குடோன்காரரின் பழைய நோட்டுகளைத் தூசு தட்டி, இருவரும் தும்மித் தும்மிப் படித்தோம். பதினாறு வருஷத்துக்கு முன் கூரை மாற்றியபோது மூலையில் ஒரு மரப்பெட்டி கிடந்திருக்கிறது. அதன் பலகையில் பெயின்டால் எழுதியிருந்த விலாசத்தைப் பார்த்து, குடோன்காரர் புது ரசீது போட்டு லாரியில் ஏற்றிவிட்டார். யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. புது ரசீதுக்குப் புது எண். அதனால் பழைய எண் அக்காவின் நோட்டில் அப்படியே நின்றுவிட்டது. புது ரசீதின் டெலிவரி நகலும் கிடைத்தது. அடியில் பெற்றுக்கொண்டவர் கையெழுத்து. தையல்காரம்மாவே போட்டிருந்தார்.

‘அக்கா, தீந்துச்சு. டெலிவரி ஆயிடுச்சு. மாமாவ டயருக்குக் காத்தடிக்கச் சொல்லுங்க’ என்றேன்.

அக்கா அந்தக் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம்தான் எனக்கும் உறைத்தது. பதினாறு வருஷம், மாதத்துக்கு ஒன்று, கிட்டத்தட்ட நூற்றுத் தொண்ணூறு தடவை அக்கா மன்னிப்புக் கேட்டிருக்கிறார். மெஷின் அங்கே ஜோராக ஓடிக்கொண்டிருந்திருக்கிறது.

‘நல்லா ஏமாத்தியிருக்காங்களேக்கா.’

அக்கா நகலை நான்காக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார். ‘இத யார்கிட்டயும் சொல்லாத. நானும் உன் கையெழுத்தப் பத்திச் சொல்லல.’

நிலுவையை முடிக்க அந்த நகலைக் கொண்டுபோய் மேனேஜரிடம் நீட்டினால் போதும். கம்ப்யூட்டர் தானாகவே வாடிக்கையாளருக்கு ஒரு கடிதம் அடிக்கும்: உங்கள் சரக்கு இன்ன தேதியில் ஒப்படைக்கப்பட்டது, உங்கள் புகார் முடிக்கப்பட்டது. அக்கா நீட்டவில்லை. அடுத்த முதல் திங்களில் போன் வந்தது. இன்றைக்கு வாங்கிக் கட்டிக்கொள்ளப் போகிறார் தையல்காரம்மா என்று நான் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். ‘வந்துடும் அக்கா, மன்னிச்சுக்கங்க’ என்றார் அக்கா, எப்போதும் போல. எனக்கு ரத்தம் கொதித்தது. என்னிடம் இத்தனை தயவாக அவர் ஒருநாளும் பேசியதில்லை.

கடைசி மாதத்தின் முதல் திங்கள், ஏழாம் தேதி. அக்கா மேனேஜர் அறையில் இருந்தார். ‘நிலுவை தீர்றவரைக்கும் நான் வந்துக்கிட்டே இருக்கேன் சார்’ என்று அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தது வெளியே எனக்குக் கேட்டது. இங்கே போன் அடித்தது. நான் எடுத்தேன்.

‘அக்கா இல்லையா?’

‘மேனேஜர் ரூம்ல இருக்காங்க.’

‘என்ன விஷயம்?’

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். ‘எல்லாம் உங்க மெஷினாலதான்மா. அது நிலுவையில இருக்கிறவரைக்கும் அவங்களை விடமாட்டாங்க. பத்தாம் தேதி ரிட்டையர் ஆகி, மறுநாள் வீட்டுக்காரரோட ஊரெல்லாம் சுத்திப் பாக்கப் போறதா இருந்தாங்க. எல்லாம் நின்னு போச்சு.’

‘என்கிட்ட அவங்க சொல்லவே இல்லையே’ என்றது குரல். முக்கால் மணி நேரம் பேசுகிறவர் ஒரு நிமிஷத்தில் வைத்துவிட்டார். யார் போன் என்று அக்கா வந்து கேட்டார். ராங் நம்பர் என்றேன். அன்று மத்தியானம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

வியாழக்கிழமை, பத்தாம் தேதி, பகல் பன்னிரண்டு மணிக்கு ஒரு அம்மா கவுண்டரில் வந்து நின்றார். குட்டையான உருவம். முதுகு லேசாக வளைந்திருந்தது. கழுத்தில் தொங்கிய அளவு நாடாவைக் கழற்ற மறந்து அப்படியே பஸ் ஏறிவிட்டிருந்தார்.

‘என்ன அனுப்பணும்?’ என்றேன்.

‘அனுப்ப ஒண்ணுமில்ல தம்பி. புகார்ப் பிரிவு எது?’

நான் கைகாட்டவே தேவையில்லை. குரல் கேட்ட மாத்திரத்தில் எதிர் மேஜையில் அக்காவின் பேனா நின்றுவிட்டது. அந்த அம்மா போய் ஒரு மஞ்சள் காகிதத்தை மேஜைமேல் வைத்து, கையால் நீவி விட்டார். டெலிவரி ரசீதில் வாடிக்கையாளருக்குக் கொடுக்கிற நகல்.

‘நிலுவைய முடிச்சுக்கங்க அக்கா. மெஷின் எப்பவோ வந்துடுச்சு.’

அக்கா நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார், முதல் தடவையாக.

‘வந்த அன்னிக்கே சொல்லத்தான் போன் பண்ணேன்’ என்றார் தையல்காரம்மா. ‘நீங்க எடுத்ததும், போன மாசம் கண்ணு எரியுதுன்னீங்களே, டாக்டர்கிட்ட போனீங்களான்னு கேட்டீங்க. அந்த ஊருக்குப் போன மூணு வருஷத்துல யாரும் என்னை அப்படி ஒண்ணு கேட்டதில்ல. பேசிட்டே இருந்துட்டு வெச்சுட்டேன். சரி, அடுத்த மாசம் சொல்லிக்கலாம்னு இருந்தேன். அடுத்த மாசமும் அதே மாதிரி ஆச்சு. ஒரு வருஷம் ஆனப்புறம் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுச் சொல்றது?’

‘ஒவ்வொரு தடவையும் நான் மன்னிப்புக் கேட்டேனே.’

‘கூசிப்போகும். வெச்சதுக்கப்புறம் ஒரு மணி நேரம் மெஷின்ல உக்கார முடியாது. ஆனா புகாரே இல்லாம கம்பெனிக்கு எப்படிப் போன் பண்றது அக்கா?’

அக்கா கைப்பையைத் திறந்து, நான்காக மடித்த நகலை எடுத்துப் பிரித்து, மஞ்சள் காகிதத்துக்குப் பக்கத்தில் வைத்தார். தையல்காரம்மா தன் கையெழுத்தையே குனிந்து பார்த்தார்.

‘உங்களுக்குத் தெரியுமா?’

‘ரெண்டு மாசமா தெரியும்.’

‘அப்புறம் ஏன் முடிக்கல?’

‘முடிச்சா நீங்க கூப்பிட மாட்டீங்களே’ என்றார் அக்கா.

நான் எழுந்து நின்றேன். ஏன் எழுந்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ‘விலாசத்த மாத்தி எழுதினது நான்தான்’ என்றேன். தையல்காரம்மா என்னைத் திரும்பிப் பார்த்து, ‘நீங்கதானா? ரொம்ப நன்றி தம்பி’ என்றார், கொஞ்சமும் கிண்டல் இல்லாமல். இத்தனை வருஷம் இவர்கள் இருவரையும் வைத்துக் கதை கட்டிச் சிரித்தவன் நான். என் போனுக்கு மாதம் ஒரு தடவை வேலையில்லாமல் கூப்பிட ஒரு ஆள் கிடையாது என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது, வருத்தமாக இருந்தது.

மேனேஜருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. முத்திரையைத் தூக்கிக்கொண்டு அவரே ஓடி வந்தார். ஐம்பதாவது ஆண்டு மலரில் போட வேண்டும் என்று தையல்காரம்மாவை வாசலில் ஒரு லாரியின் முதுகுக்குப் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுத்தார். ‘மூணு வருஷம் லேட்டாத்தான் சார் வந்துச்சு’ என்றார் அந்த அம்மா. ‘வந்துச்சுல்ல, அதுதாம்மா முக்கியம்’ என்று மேனேஜர் நாடாவைக் கழற்றச் சொன்னார். படத்துக்குக் கீழே ‘மன நிறைவோடு எங்கள் வாடிக்கையாளர்’ என்று போட்டிருக்கிறார்கள். மலர் எங்கள் கவுண்டரில் கிடைக்கும், யாரும் கேட்பதில்லை.

அன்றிரவு தையல்காரம்மா அக்கா வீட்டிலேயே தங்கினார். பதினொன்றாம் தேதி காலை கார் கிளம்பியது. சுவரில் இருந்த பட்டியலில் முப்பத்தெட்டாவதாக இருந்த தையல்காரம்மாவின் ஊர் முதலாவதாகிவிட்டது. அவரை வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டு, அங்கிருந்து மற்ற ஊர்கள் என்று மாமா திட்டத்தை மாற்றிக்கொண்டார். மத்தியானம் மூன்று மணிக்கு எனக்குப் போன் செய்தார்.

‘மாப்ள, முப்பது வருஷம் லோடு ஏத்திட்டுப் போயிருக்கேன். ஒரு லோடாவது வாயத் திறந்திருக்குமா? இங்க பின் சீட்டுல காலையிலேருந்து ரெண்டு பேரும் மூச்சு விடல.’

‘ஊரெல்லாம் காட்டினீங்களா மாமா?’

‘காட்டாம என்ன. ஒரு வண்டி மட்டும் போற பாலம்னு சொல்லுவாளே, அதுமேலயே மெதுவா ஓட்டினேன். வழியில நாலு கிளை வந்துச்சு, நாலுலயும் வண்டிய நிறுத்தி, இந்தா பாரு, நீ போன்ல திட்டுவியே அந்த ஊர் இதுதான்னு சொன்னேன். நிமிந்து பாத்தாத்தானே? முப்பது வருஷமா பாக்கணும் பாக்கணும்னு சொன்னவ.’

‘இப்ப எங்க இருக்கீங்க?’

‘ஒரு டீக்கடைல. இறங்குங்கன்னேன். நீங்க குடிச்சுட்டு மெதுவா வாங்க, அவசரமில்லன்னுட்டா உங்க அக்கா.’

மாமா தனியாக நின்று டீயைக் குடித்துக்கொண்டேதான் என்னோடு பேசினார். வேலையாக ஒன்றும் கூப்பிடவில்லை, சும்மாதான் என்றார். நானும் கவுண்டரில் நின்றவரைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டு, டீ எப்படி இருக்கிறது மாமா என்று கேட்டேன்.